பாரிசின் வாசலில் ஒரு கண்ணாடி நகரம்



காரைக்காலில் நம்மவர் வாழும் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், பிரான்சில் ஓர் உறவினர் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மகனோ, மருமகனோ, பேத்தியோ, சிறிய தகப்பனாரோ அங்கே இருப்பார். கூடத்துச் சுவரில் ஈபிள் கோபுரத்தின் முன்னால் நின்று எடுத்த படம் ஒன்று தொங்கும். "தம்பி என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டால், "பாரிசில் ஆபீஸ் வேலை" என்று விடை வரும். அதற்கு மேல் எவரும் கேட்பதில்லை. கேட்பது மரியாதையும் அன்று என்று எண்ணிக் கொள்கிறோம்.

அந்த "ஆபீஸ்" எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்பதைக் காணும் வாய்ப்பு, பாரிசின் வடபுறத்து ஊரான சார்செல்லில் வாழும் என் மூத்த சகோதரியின் மகன் வீட்டுக்குச் சென்றிருந்தபோது எனக்குக் கிட்டியது. இம்மாதம் உங்களையும் அங்கே அழைத்துச் செல்கிறேன். இடத்தின் பெயர் லா தெஃபான்ஸ். அலுவலகங்களுக்கென்றே திட்டமிட்டுக் கட்டப்பட்ட வணிக வட்டாரங்களில் ஐரோப்பாவிலேயே பெரியது என்று பெயர் பெற்றது.

நம்மவர் அங்கே போன கதை

புறப்படுமுன் சிறிது பழைய கணக்கைப் புரட்டுவோம். காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739-ஆம் ஆண்டில். ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறியது 1954 நவம்பர் 1 அன்று. உரிமை மாற்ற ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தானது. எனினும் அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அன்று தொடங்கி ஆறு மாதத்துக்குள், இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் எழுத்து மூலம் அறிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர்ந்து வைத்துக் கொள்ளலாம் என ஒப்பந்தம் இடம் கொடுத்தது. ஒரு தாளில் இட்ட கையெழுத்து பேரப் பிள்ளைகளின் வாழ்வையே வேறு கண்டத்தில் கொண்டு போய் வைத்தது. அதற்கு முன்பே பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த சைகோனில் வணிகமும் உத்தியோகமும் பார்த்த நம் முன்னோர் பலர் உண்டு. அந்நகரில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. இந்தோ-சீனாவில் பிரெஞ்சு ஆட்சி முடிந்தபின், அங்கிருந்தும் பலர் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தனர்.

ஆற்றைக் கடக்கும் ரயில்

கார்ஜ்-சார்செல் நிலையத்தில் காலையில் ரயில் ஏறினோம். சாத்தலே நிலையத்தில் இறங்கி, மெத்ரோ எனப்படும் நகர ரயிலின் முதலாம் தடத்துக்கு மாறினோம். பாரிசின் முதல் மெத்ரோ தடம் இதுவே, 1900-இல் தொடங்கியது, லா தெஃபான்ஸ் வரை நீட்டப்பட்டது 1992-இல். இப்போது இதில் ஓட்டுநர் கிடையாது. முதல் பெட்டியில் ஏறி முன் கண்ணாடி வழியே சுரங்கத்தைப் பார்த்தபடி போகலாம். சிறுவர்களுக்கு அந்த இடத்துக்குப் போட்டி.

பூமிக்கடியிலேயே ஓடி வந்த வண்டி நொய்யிப் பாலத்தில் திடீரென வெளிச்சத்துக்கு வருகிறது. கீழே சேன் நதி. எதிரே கண்ணாடிக் கோபுரங்களின் கூட்டம். மருமகன் வாய் திறந்தார்: "மாமா, இந்தப் பாலத்தை நன்றாகப் பார்த்துக் கொள்ளுங்கள். திரும்பும்போது இதைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறேன்."

நீங்கள் போனாலும் கடைசி நிலையம் வரை போய்விடாதீர்கள். அதற்கு முந்தைய எஸ்பிளனாத் நிலையத்தில் இறங்கி மேற்கு நோக்கி நடந்தால், அந்த நகரம் படிப்படியாகக் கண்முன் விரியும்.

தரைக்கு மேலே ஒரு தரை

மேலே வந்ததும் முதலில் வியப்பளித்தது உயரம் அன்று, அமைதி. இத்தனை பெரிய அலுவலகங்களுக்கு நடுவில் ஒரு கார் இல்லை, ஒரு ஆரன் ஒலி இல்லை. காரணம், நாம் நிற்பது உண்மையான தரையே அன்று. சாலைகள், வண்டி நிறுத்துமிடங்கள், ரயில் தடங்கள், சரக்கு வண்டிகளின் வழி ஆகிய யாவும் கீழே இருக்க, அவற்றின் மீது மாபெரும் கான்கிரீட் மேடையைப் பரப்பியிருக்கிறார்கள். 31 ஹெக்டேர், அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ 77 ஏக்கர் பரப்பு, நடப்பவர்களுக்கே உரியது. வண்டியும் மனிதனும் ஒரே தெருவுக்காகச் சண்டையிட வேண்டாம் என்ற எண்ணத்தில் பிறந்த ஏற்பாடு இது. காரைக்கால் பாரதியார் சாலையைச் சனிக்கிழமை மாலையில் கடந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

இத்தனையும் ஏன் நகரத்துக்கு வெளியே வந்தன? லா தெஃபான்ஸைப் பாரிஸ் என்று நாம் சொன்னாலும், அது நகர எல்லைக்கு வெளியே புயித்தோ, கூர்ப்வுவா, நான்தேர் ஆகிய ஊர்களின் மண்ணில் அமைந்தது. அலுவலகங்களுக்கு இடம் வேண்டும். ஆனால் பழைய பாரிசின் முகம் கெடக் கூடாது. எனவே 1958-இல் இதற்கெனத் தனி அரசு நிறுவனம் ஒன்றை அமைத்துக் கட்டத் தொடங்கினர். 1973-இல் நகருக்குள்ளேயே 210 மீட்டர் உயரத்தில் மோம்பர்னாஸ் கோபுரம் எழுந்தபோது மக்கள் முகம் சுளித்தார்கள். அதன்பின் நகருக்குள் உயரத்துக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. உயர வேண்டியவை யாவும் ஆற்றைத் தாண்டி இங்கே வந்தன.

பெயர் தந்த சிலை

நடையின் தொடக்கத்திலேயே ஒரு தடாகம். அதில் கிரேக்கக் கலைஞர் தாக்கிஸ் நட்ட 49 விளக்குத் தண்டுகள் நாணல் போல நிற்கின்றன. மேலே நடந்தால், இவ்விடத்துக்குப் பெயர் தந்த வெண்கலச் சிலை. 1870-71-இல் பிரஷ்யப் படை பாரிசை முற்றுகையிட்டபோது நகரைக் காத்து நின்றவர்களின் நினைவாக 1883-இல் நிறுவப்பட்டது. "தெஃபான்ஸ்" என்றால் தற்காப்பு என்றே பொருள். பட்டினி கிடந்து ஊரைக் காத்தவர்களின் பெயர், பங்குச் சந்தைக் கணக்குப் பார்க்கும் இடத்துக்கு வாய்த்தது காலத்தின் விளையாட்டு.

இன்னும் பல சிற்பங்கள் உண்டு. கால்தர் செய்த 15 மீட்டர் உயரச் சிவப்புச் சிலந்தி, மிரோவின் வண்ண உருவங்கள், சேசார் என்பவர் செய்த 12 மீட்டர் உயரக் கட்டைவிரல் ஆகியவற்றின் முன் பிள்ளைகள் கூடிச் சிரிக்கிறார்கள். அவற்றை அவர்களிடமே விட்டுவிட்டு நாம் கட்டடங்களுக்குப் போவோம்.

தூணில்லாக் கூரை

வலப்புறம் வெள்ளைச் சங்கின் ஓடு போலக் கவிழ்ந்து கிடப்பது க்நித் என்னும் கண்காட்சி மண்டபம். இந்த வட்டாரத்தின் மூத்த கட்டடம், 1958-இல் முடிந்தது. மூன்றே மூன்று மூலைகளில் கால் ஊன்றி நிற்கும் கான்கிரீட் கூரை. ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையே 218 மீட்டர். நடுவில் ஒரு தூண் கூட இல்லை. எஸ்கியான் என்ற பொறியாளர், உள்ளே கூடு விட்ட இரட்டை ஓடாகக் கூரையை அமைத்து அதன் எடையைக் குறைத்தார். மூங்கில் உள்ளே கூடாக இருந்தும் வளைந்து தாங்குவதை நாம் அறிவோம் அல்லவா? அதே நுட்பம்தான்.

பெரிய வளைவு

நடையின் முடிவில் நிற்பதே பெரிய வளைவு எனப்படும் கிராந்த் ஆர்ஷ். வளைவு என்று பெயரே தவிர வளைந்த பகுதி ஒன்றும் இல்லை. நடுவே துளைக்கப்பட்ட மாபெரும் கனசதுரம் அது. உயரம் 110 மீட்டர். அந்த வெற்றிடத்துக்குள் பாரிசின் புகழ் பெற்ற நோத்ர்-தாம் தேவாலயத்தை நிறுத்தி வைக்கலாம் என்கிறார்கள். இருபுறச் சுவர்கள் என நாம் நினைப்பவை, ஆயிரக்கணக்கானோர் பணிபுரியும் அலுவலக மாடிகள்.

இதை வரைந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்பிரெக்கெல்சன். உலகளாவிய போட்டியில் வந்த நானூறுக்கும் மேற்பட்ட வரைபடங்களுள் இவருடையது 1983-இல் தேர்வாயிற்று. அதற்குமுன் தம் சொந்த வீட்டையும் நான்கு தேவாலயங்களையும் மட்டுமே கட்டியிருந்த கல்லூரி ஆசிரியர் அவர். பணி நடுவே கருத்து வேறுபாட்டால் விலகினார், 1987-இல் காலமானார். பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டான 1989 ஜூலையில் வளைவு திறக்கப்பட்டபோது, அதைக் காண அவர் இல்லை.

கட்டடம் நேராக நிற்கவில்லை என்பதைக் கூர்ந்து நோக்கினால் காணலாம். சாலையின் நேர்கோட்டிலிருந்து ஆறு பாகைக்குச் சற்று மேலாகத் திரும்பி நிற்கிறது. கீழே ஏற்கெனவே ரயில் தடங்களும் சாலையும் ஓடுகின்றன. மூன்று லட்சம் டன் எடையைத் தாங்கும் 12 தூண்களை அவற்றுக்கு இடையில்தான் இறக்க முடியும். அதற்கேற்பக் கட்டடமே திரும்பிக் கொண்டது. தெரு ஒரு கோட்டில் போக, கிப்லாவை நோக்கிச் சற்றே திரும்பி நிற்கும் பள்ளிவாசல்களைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு அந்தத் திருப்பம் அந்நியமாகத் தோன்றவில்லை.

படிக்கட்டில் ஏறிக் கிழக்கே திரும்புங்கள். நாம் வந்த நடைமேடை, அதற்கப்பால் ஆற்றுப் பாலம், நெப்போலியனின் வெற்றி வளைவு, ஷான்-செலிசே வீதி, கொன்கோர்த் சதுக்கம், லூவ்ர் அரண்மனை ஆகிய யாவும் ஒரே நேர்கோட்டில் வருகின்றன. கொன்கோர்த் சதுக்கத்தில் நிற்கும் எகிப்தியக் கல்தூண், எகிப்தை ஆண்ட முகம்மது அலி பாஷா அன்பளிப்பாக அளித்து, 1836-இல் நாட்டப்பட்டது. மற்றொன்றையும் கவனித்தேன். இந்த நேர்கோடு ஏறத்தாழத் தென்கிழக்கை நோக்கிச் செல்கிறது. பாரிசிலிருந்து கிப்லாவும் அதே பக்கம்தான். மூன்று நான்கு பாகை அளவே வேறுபாடு. காரைக்காலில் மேற்கு நோக்கித் தொழுத நாம், அங்கே அந்த நெடுஞ்சாலையையே வழிகாட்டியாகக் கொள்ளலாம்.

"ஆபீஸ் வேலை"

படிக்கட்டில் அமர்ந்து, மருமகனின் மனைவி கட்டிக் கொடுத்த ரொட்டியையும் கறியையும் பிரித்தோம். அலுவலகங்களிலிருந்து சாப்பாட்டு நேரத்துக்கு ஆட்கள் அலையலையாக வெளியே வந்தனர். நாள்தோறும் சுமார் 1,80,000 பேர் இங்கே வேலைக்கு வருகிறார்கள். எண்ணெய், மின்சாரம், வங்கி, காப்பீடு எனப் பெரிய நிறுவனங்களின் தலைமையகங்கள் பல இங்கே உள்ளன. 231 மீட்டர் உயரமுள்ள ஃபர்ஸ்ட் கோபுரம், கருங்கல் போர்த்திய 184 மீட்டர் கோபுரம், சொசியெத்தே ஜெனரால் வங்கியின் இரட்டைக் கோபுரங்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கொண்டே வந்தேன். புத்தகத்தில் படித்தவன் நான்.

"உன் ஆபீஸ் எதில் தம்பி?" என்று கேட்டேன்.

அவர் உடனே விடை சொல்லவில்லை. பிறகு ஒரு கோபுரத்தைக் காட்டி, "அதில் பதினான்காம் மாடி முதல் இருபதாம் மாடி வரை" என்றார். "ஆனால் மாமா, நான் காலை ஐந்து மணிக்கு உள்ளே போய் எட்டரைக்கு வெளியே வந்துவிடுவேன். மேசைக்காரர்கள் வருமுன் குப்பைக் கூடைகளைக் கொட்டி, தரையைத் துடைத்து, கழிப்பறைகளைக் கழுவி வைக்க வேண்டும். மாலையில் வேறொரு கட்டடத்தில் மூன்று மணி நேரம். பகல் வெளிச்சத்தில் இந்தப் படிக்கட்டில் உட்கார்ந்தது இன்றுதான் முதல் தடவை."

பத்தொன்பது ஆண்டுகளாக அவர் அங்கே வேலை பார்க்கிறார். அவரது திருமணப் பேச்சில் இருந்தவன் நான். "பிள்ளை பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், பாரிசில் ஆபீஸ் வேலை" என்று பெண் வீட்டாரிடம் சொன்ன வாயும் என் வாய்தான். அதை நம்பியே அவர்கள் நகையும் ரொக்கமும் தந்தார்கள். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தே அதைத் தந்தார்கள் என்பது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது.

"ஏன் தம்பி அப்போதே சொல்லவில்லை?"

"யாரும் கேட்கவில்லையே மாமா. குடியுரிமை உண்டா என்று எல்லாரும் கேட்டார்கள். என்ன வேலை என்று ஒருவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. வந்தபின் அவளிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தேநீர் போட்டுத் தந்தாள். அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான். ஊருக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. என் பெயரைப் போடாமல் நீங்களே எழுதிவிடுங்கள்."

எழுதிவிட்டேன். தன் கையால் உழைத்து உண்பதில் இழிவில்லை என்று நம் மார்க்கம் கற்பித்திருக்கிறது. அந்த வேலையில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள், அதை மறைக்க வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளிய நாம்தாம்.

பாலத்தின் செய்தி

திரும்பும் வழியில் ஆற்றுப் பாலம் வந்தது. மருமகன் சொன்ன செய்தி இது. இந்த வளைவுக்குப் பின்புறம் உள்ள நான்தேரில் 1950, 60-களில் தகரத்தாலும் பலகையாலும் ஆன குடிசைகள் சேற்றில் நெருக்கிக் கிடந்தன. அவற்றில் வாழ்ந்தோர் பெரும்பாலும் அல்ஜீரியாவிலிருந்து வந்த முஸ்லிம் தொழிலாளர். கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் அவர்கள் வேண்டப்பட்டனர். குடியிருக்க வீடு மட்டும் கிடைக்கவில்லை.

அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்த காலம் அது. 1961 அக்டோபரில் பாரிஸ் காவல் துறை, அல்ஜீரிய முஸ்லிம்கள் இரவில் வெளியே வரக் கூடாது எனத் தடை விதித்தது. அதை எதிர்த்து அக்டோபர் 17 மாலையில் ஆயுதமின்றி, மனைவி மக்களுடன் அவர்கள் ஊர்வலமாகப் புறப்பட்டனர். நான்தேர்க் குடிசைகளிலிருந்து நடந்து வந்தவர்கள் நொய்யிப் பாலத்தில் தடுக்கப்பட்டனர். துப்பாக்கிச் சூடும் நடந்தது. அன்றிரவு நகரெங்கும் 11,000-க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். இறந்தோர் எண்ணிக்கையை வரலாற்றாசிரியர்கள் பல பத்துகளிலிருந்து இருநூறுக்கு மேல் வரை கணக்கிடுகின்றனர். பலரது உடல்கள் இதே சேன் நதியில் மிதந்தன. 2012-இல் குடியரசுத் தலைவர் ஒல்லாந்த் அக்கொடுமையை அரசின் சார்பில் ஒப்புக் கொண்டார். 2021-இல் தலைவர் மக்ரோன், மன்னிக்க முடியாத குற்றம் என்றார்.

காரைக்கால் ஒப்பந்தம் ஆறு ஆண்டுகள் ஒப்புதலின்றிக் கிடந்ததற்கும் அந்தப் போருக்கும் தொடர்பு உண்டு. அல்ஜீரியப் பிரச்சினை தீரும்வரை பிரெஞ்சு நாடாளுமன்றம் அதைக் கையில் எடுக்கவில்லை. நம் பெரியவர்கள் குடியுரிமைத் தாளில் கையெழுத்திட்ட நாளை முடிவு செய்ததில், அந்தப் பாலத்தில் நடந்தவர்களின் போராட்டத்துக்கும் பங்கு உண்டு. அதை அறியாமலே அந்தப் பாலத்தை நாள்தோறும் கடக்கிறோம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

நடந்து பார்க்கக் கட்டணம் இல்லை. மேடையில் காற்று பலமாக வீசும். கோடையிலும் வயதானவர்களுக்கு ஒரு மேலாடை வேண்டும். ஜூன், ஜூலையில் மஃரிப் இரவு பத்து மணியை ஒட்டி வரும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே வந்துவிடும். எனவே தொழுகை நேரத்தைப் பார்த்துப் பயணத்தை அமைத்துக் கொள்ளுங்கள். வளைவின் மேல்தளம் பல முறை மூடித் திறந்துள்ளது. திறந்திருக்கிறதா என விசாரித்தபின் செல்லவும். 2024 முதல் ஆர்.இ.ஆர். ரயிலின் ஈ தடமும் இங்கே வருகிறது.

கடைசியாகப் பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு குறிப்பு. பிரான்சிலிருந்து வரன் வந்தால் குடியுரிமையைக் கேளுங்கள், தவறில்லை. அதோடு என்ன வேலை, எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருவார், வீட்டில் எத்தனை அறை, பெண் அங்கே போய் மொழி படிக்க வழியுண்டா என்பதையும் கேளுங்கள். பிள்ளையைப் பெற்றவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்; உள்ளதைச் சொன்னால் பெண் தரமாட்டார்கள் என்றால், அந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம். வீட்டுப் பத்திரத்தை மட்டும் எவருக்காகவும் அடகுக் கடைக்குக் கொண்டு போகாதீர்கள்.

மருமகனின் மூத்த மகள் இப்போது நான்தேர் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள். படிப்பு முடிந்து அந்தக் கோபுரங்களில் ஒன்றில் அவளுக்கு மேசை கிடைக்குமோ என்னவோ, அல்லாஹ்வே அறிவான். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், தன் தந்தை எந்த மாடிகளைத் துடைத்துத் தன்னைப் படிக்க வைத்தார் என்பதை அவள் அறிவாள். தோழிகளிடம் சொல்லவும் அவள் தயங்குவதில்லை. ஊரில் இருக்கும் நாம்தாம் இன்னும் தயங்குகிறோம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் வேறோர் ஊரில் சந்திப்போம். வஸ்ஸலாம்.